பைக் ஹெட்லைட்டை மாற்றலாமா? மதுரைப் பக்கம் ராத்திரி ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒத்தக்கடைப் பக்கம் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறேன். மல்லிகை மூட்டையை ஏற்றிக்கொண்டு விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், பால்காரர்கள், நைட் ஷிப்ட் முடித்து மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று ஊர் திரும்புகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "வெளிச்சம் பத்தலண்ணே, நல்ல பல்பாப் பார்த்துப் போடுங்க." அவர்களிடம் நான் சொல்கிற பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

வெளிச்சம் போதவில்லை. நேராக எல்.இ.டி. பல்ப் வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வண்டியோடு வந்த பல்ப் தனக்குரிய வெளிச்சத்தை முழுதாகத் தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் தருவதில்லை.

நான் முதலில் கையில் எடுப்பது மல்டிமீட்டர். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் என்று பார்ப்பேன். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்த நிலையில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருந்தால் சார்ஜிங் சரி. அப்புறம் பல்ப் ஹோல்டரிலேயே அளப்பேன். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒயரும் சுவிட்சும் கரண்டைத் தின்கின்றன என்று அர்த்தம். பேட்டரியில் 13.8 இருந்து பல்பில் 12.4 மட்டும் வருகிற வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதம்தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பில், அதாவது உள்ளே இழை எரிகிற வழக்கமான பல்பில், வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடும். அந்த முப்பதை மீட்கப் புது பல்ப் தேவையில்லை. எர்த் ஒயர் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, ஒயர்களை இணைக்கும் கப்ளரின் பின்களைச் சுத்தம் செய்தாலே பெரும்பகுதி திரும்பி வரும்.

அடுத்தது டூம், அதாவது பல்பு உட்காரும் ஹெட்லைட் கூடு. வெயிலில் நிற்கும் வண்டிக்கு நான்கைந்து வருடத்தில் பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகிவிடும். மதுரை வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். மேல்புற மஞ்சளை 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து பாலிஷ் போடலாம். ஆனால் அதற்குமேல் வெயில் தாங்கும் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு மங்கிப்போயிருந்தால் டூமையே மாற்றுங்கள். அந்தப் பூச்சைத் துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். மிக மெல்லிய உலோகப் படலம் அது, ஒரு துடைப்பிலேயே கீறல் விழும்.

ஐட்லிங்கில் லைட் மங்குகிறது, முறுக்கினால் பிரகாசமாகிறது. பல்ப் கோளாறா?

பல்ப் மேல் தப்பில்லை. உங்கள் வண்டியில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியவில்லை, மேக்னட் காயிலிலிருந்து நேராக எரிகிறது. இதை ஏசி லைட்டிங் என்பார்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் கரண்ட் கூடும், மெதுவாகச் சுற்றினால் குறையும். பழைய 100 சிசி வண்டிகள் பலவும் இப்படித்தான். குண்டும் குழியுமான இடத்தில்தான் நாம் மெதுவாகப் போவோம், வெளிச்சமும் அங்கேதான் தேவை. இந்த வண்டி அங்கேதான் கைவிடும்.

இந்த மாதிரி வண்டியில் எல்.இ.டி. பல்பை அப்படியே செருகினால் சிமிட்டும், சீக்கிரம் உயிரையும் விடும். முதலில் டிசிக்கு, அதாவது பேட்டரி கரண்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவது என்றால் ஹெட்லைட் ஒயரைப் பிடுங்கி பேட்டரியில் கொடுப்பது மட்டும் இல்லை. அப்படிச் செய்தால் சில நாளில் பேட்டரி இறங்கி, செல்ஃப் எடுக்காது. காயிலின் கரண்ட் முழுவதும் பேட்டரிக்குப் போகும்படி காயிலின் எர்த்தைப் பிரித்து, அதற்கேற்ற ஆர்.ஆர். யூனிட்டும் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) மாட்ட வேண்டும். இது தெரிந்தவர் கையால் செய்ய வேண்டிய வேலை.

ரிலே போட்டால் வெளிச்சம் கூடும் என்கிறார்களே?

டிசி வண்டியாக இருந்தால் கூடும். செலவுக்கு ஏற்ற பலன் தருவதில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

சாதாரணமாக ஹெட்லைட்டுக்குப் போகும் கரண்ட் சாவி சுவிட்ச், ஹேண்டில்பாரில் இருக்கும் டிம்-பிரைட் சுவிட்ச், நாலைந்து கப்ளர் எல்லாம் கடந்துதான் போகிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ரிலே போட்டால் பழைய சுவிட்ச் வழியாக ரிலேயை இயக்கும் சின்னக் கரண்ட் மட்டும் போகும். பல்புக்கான பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராக வரும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். ரிலேயின் 30-ம் நம்பர் கால் பேட்டரிக்கு, 87 பல்புக்கு, 86 பழைய பல்ப் ஒயருக்கு, 85 எர்த்துக்கு. பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத ரிலே கிட்டை நான் மாட்டுவதே இல்லை. பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓடுகிற ஒயர் அது.

வாரண்டி முடியாத வண்டி என்றால் ஒயரை வெட்டாதீர்கள். கப்ளரில் அப்படியே செருகுகிற கிட் கிடைக்கிறது.

100/90 வாட் (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) பல்ப் போடலாமா?

வேண்டாம். இதை அனுபவித்தே சொல்கிறேன். தொழில் பழகிக்கொண்டிருந்த காலத்தில் என் வண்டியிலேயே போட்டேன். தேனியிலிருந்து திரும்பும்போது ஆண்டிபட்டி கணவாயில் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. அடுத்த வளைவில் லைட் போய்விட்டது. ஓரமாக நிறுத்தி, பின்னால் வந்த பஸ்ஸை முன்னால் போகவிட்டு, அதன் பின்பக்க வெளிச்சத்தையே பிடித்துக்கொண்டு உசிலம்பட்டி வரை வந்து சேர்ந்தேன். ஹோல்டர் உருகி பல்போடு ஒட்டியிருந்தது.

கணக்கு எளிது. 55 வாட் டிம்முக்கு 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர் ஓடும். 90 வாட்டுக்கு ஏழரை. வண்டியோடு வந்த ஒயரும் ஹோல்டரும் அதைத் தாங்க மாட்டா. பிளாஸ்டிக் டூம் உள்ளே கறுத்து, கடைசியில் முன்பைவிட மங்கலாகத்தான் எரியும்.

என் வண்டியில் 35/35 வாட். அதை 60/55 ஆக மாற்றலாமா?

35/35 என்பது பெரும்பாலும் ஹெச்.எஸ்.1 பல்ப், 60/55 என்பது ஹெச்4. இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும், காதுகள் மட்டும் வித்தியாசம். காதை ராவி உள்ளே திணிப்பவர்கள் உண்டு. ராவினால் பல்ப் நேராக உட்காராது, உட்காராவிட்டால் வெளிச்சம் தாறுமாறாகப் போகும்.

வெளிச்சத்தில் வித்தியாசம் நிஜம்தான். வெளிச்சத்தை லூமன் என்ற அளவில் சொல்வார்கள். டிம்மில் ஹெச்.எஸ்.1 ஏறத்தாழ 525 லூமன், ஹெச்4 ஏறத்தாழ 1000. ஆனால் கூடுதலாக இரண்டு ஆம்பியரை உங்கள் காயில் தர வேண்டும். 3 முதல் 5 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி வைத்த சின்ன வண்டிகளில் அந்த மிச்சம் பொதுவாக இருக்காது. ஹெச்4 டூமும் ரிலேயும் சேர்த்துப் போட்டு, சார்ஜிங்கை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று. ஹாலஜன் பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள்.

ஹாலஜன் டூமிலேயே எல்.இ.டி. பல்ப் போட்டால் என்ன ஆகும்?

எல்லாரும் கேட்பது இதைத்தான். அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹெச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தொட்டி மாதிரி தகடு உண்டு. அது வெளிச்சம் டூமின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் மறைக்கும். மேல்பாதியில் மட்டும் பட்டு வெளிச்சம் கீழ்நோக்கி ரோட்டில் இறங்கும். டூமின் வளைவு முழுவதும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்து, மில்லிமீட்டர் கணக்கில் செய்தது.

எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. பட்டையான தண்டின் இரண்டு பக்கமும் வெளிச்சம் தரும் குட்டிச் சில்லுகள். அவை இழை இருந்த அதே இடத்தில், அதே நீளத்தில், மெல்லிய தண்டில் இருந்தால் ஓரளவு சரியாக விழும். ரோட்டோரக் கடையில் வாங்குகிற பல்பில் தண்டு தடித்திருக்கும், சில்லு முன்னே பின்னே இருக்கும். வெளிச்சம் ரோட்டிலும் விழும், வேப்பமரத்து உச்சியிலும் விழும், எதிரே வருகிறவர் கண்ணிலும் விழும். வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று இருப்பதால் ஓட்டுகிறவருக்கு "ஆஹா" என்று இருக்கும். ஆனால் அந்தக் கிட்டத்து வெளிச்சத்துக்குக் கண் பழகிவிட்டால், அம்பது மீட்டருக்கு அப்பால் இருட்டில் நிற்கும் மாடு முன்பைவிடக் குறைவாகத்தான் தெரியும். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். பளிச்சென்று இருப்பதும் தூரத்தில் இருப்பது தெரிவதும் வேறு வேறு.

அட்டையில் 200 வாட், 20,000 லூமன் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். கடையில் ஆம்பியர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுத்தால் அது 24 வாட் பல்ப், அவ்வளவுதான். நல்ல சில்லாக இருந்தாலும் 2000, 2500 லூமன் வந்தால் பெரிது.

எதிர்பாராத தொல்லை ஒன்றும் உண்டு. பின்னால் ஃபேனோ, சூட்டை இறக்கும் அலுமினிய இறகுகளோ நீட்டிக்கொண்டிருப்பதால் பழைய ரப்பர் மூடி உட்காராது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் டூமுக்குள் தண்ணீர் இறங்கும். ஹாலஜன் சூட்டில் அந்த ஈரம் காய்ந்துவிடும். எல்.இ.டி. முன்பக்கமாகச் சூட்டைத் தள்ளாது, கண்ணாடிக்குள் பனி மாதிரி அப்படியே நிற்கும்.

எல்லாம் தெரிந்த பிறகும் போடுவதாக இருந்தால், சில்லுகள் இடமும் வலமும் பார்க்கும்படி நேராக மாட்டுங்கள். மாட்டியதும் சுவரில் லைட்டை அடித்துப் பாருங்கள். டிம்மில் மேலே ஒரு தெளிவான வெட்டுக்கோடு (வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் கோடு) விழவில்லை என்றால் அந்தப் பல்ப் உங்கள் டூமுக்குச் சேரவில்லை. கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புல்லட்டுக்கு முழு எல்.இ.டி. டூமே 7 அங்குலத்தில் கிடைக்கிறதே?

பல்பை மட்டும் மாற்றுவதைவிட இது நல்ல வழி. சில்லும் லென்சும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்திருப்பார்கள். ஆனால் வாங்குமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இணையத்தில் வருகிற டூம்கள் பல, வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்தவை. அவற்றில் வெளிச்சம் வலது ஓரத்தில் மேலே ஏறும். நமக்கு வலதில்தான் எதிர்வண்டி வருகிறது. நம் ரோட்டுக்கு வெட்டுக்கோடு மட்டமாக இருக்க வேண்டும், அல்லது இடப்பக்கம் ஏற வேண்டும்.

வெள்ளையா, மஞ்சளா?

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். ஹாலஜன் ஏறத்தாழ 3200 கெல்வின், கொஞ்சம் மஞ்சள். கடை எல்.இ.டி.கள் 6000, 6500 என்று நீலம் கலந்த வெள்ளை. நான் 4300-ஐ ஒட்டித்தான் வாங்கச் சொல்வேன். நீலம் கூடினால் எதிரே வருகிறவருக்கும் கூச்சம், மூடுபனியில் உங்களுக்கும் கூச்சம். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது சரியில்லை. பனித்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் கண்ணுக்குக் கொஞ்சம் இதம், அவ்வளவே. மார்கழிப் பனியில் சிறுமலை, கொடைக்கானல் ஏறுகிறவர்கள் பிரைட் போடாமல் டிம்மில் போனாலே பாதி தொல்லை தீரும்.

மழையில் எந்த லைட்டும் மங்கலாகத்தான் தெரியும். நனைந்த தார் ரோடு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை முன்னாலேயே அனுப்பிவிடும், நம் கண்ணுக்குத் திரும்பி வராது. அங்கே பல்பைத் திட்டாமல் வேகத்தைக் குறையுங்கள்.

அலைன்மென்ட் எப்படிப் பார்ப்பது?

பைசா செலவில்லாத வேலை. ஆனால் இதைப் பார்க்காமல்தான் எல்லாரும் புது பல்ப் வாங்குகிறார்கள்.

டயரில் காற்று சரியாக இருக்கட்டும். மட்டமான இடத்தில் சுவரிலிருந்து சரியாக 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஸ்டாண்டில் போடாமல், வழக்கமாக ஓட்டுகிறவரே மேலே உட்கார வேண்டும். தரையிலிருந்து டூமின் நடுப்பகுதி எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டிம்மைப் போட்டால் வெட்டுக்கோடு அந்தச் சாக்பீஸ் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அதாவது நூறுக்கு ஒன்று சரிவு. 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் ஹெட்லைட்டின் வெளிச்சம் அந்தச் சரிவில் 80 மீட்டரில் தரையைத் தொடும். சிலர் 10 மீட்டருக்கு முன்னாலேயே கொட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு வெளிச்சம் இல்லை என்பார்கள். டூமுக்குக் கீழே இருக்கும் ஸ்க்ரூவை நாலு சுற்றுச் சுற்றினால் கதை முடிந்தது.

பின்னால் வீட்டுக்காரம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்தாலோ, பூ மூட்டை, பால் கேன் ஏற்றினாலோ பின்பக்கம் தாழ்ந்து முன்னால் வெளிச்சம் மேலே தூக்கும். தினமும் சுமையோடு போகிறவர்கள் அந்தச் சுமையை ஏற்றிவைத்தே அலைன்மென்ட் பாருங்கள். பின் ஷாக் அப்சார்பரைக் கெட்டியாக்கும் வசதி இருந்தால் அதையும் ஒரு படி ஏற்றுங்கள்.

போலீஸ் பிடிக்குமா? சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கூட மாட்டுகிற பனி விளக்குகளும் இதில் மாட்டிக்கொள்ளலாம். கம்பெனியே அந்த மாடலுக்குத் தருகிற விளக்கு என்றால் பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி எனக்குப் பிடித்தது. யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்குக் கூசக்கூடாது. டிம்மைப் போட்டுவிட்டு வண்டியில் ஒருவரை உட்காரவைத்து, நீங்களே அந்த இடத்தில் போய்ப் பாருங்கள். கண்ணை இடுக்க வேண்டியிருந்தால் எதிரே வருகிறவருக்கும் அப்படித்தான்.

அவனும் பிரைட்டில் வருகிறான், நான் மட்டும் ஏன் டிம் அடிக்க வேண்டும்?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நத்தம் ரோட்டிலும் சிவகங்கை ரோட்டிலும் நானும் தினம் பார்க்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் கண்ணைக் கூசவைத்த ஆள் இரண்டு மூன்று வினாடி குருடனாக நம்மை நோக்கித்தான் வருகிறான். 60 கி.மீ. வேகத்தில் மூன்று வினாடி என்றால் 50 மீட்டர். நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில் அவனுக்கும் எனக்கும் இடையில் ஒரு வெள்ளைக் கோடுதான் இருக்கிறது. டிம் அடியுங்கள், அவன் விளக்கைப் பார்க்காமல் ரோட்டின் இடது ஓரத்தைப் பாருங்கள், ஆக்சிலரேட்டரை விடுங்கள்.

டிம்மில் எவ்வளவு வேகம் போகலாம்?

60-ல் போகும்போது ஒன்றைப் பார்த்து பிரேக் மிதிக்கவே ஒன்றரை வினாடி, அதாவது 25 மீட்டர் போய்விடும். நிற்க இன்னொரு 25. மொத்தம் 50. நல்ல ஹாலஜன் டிம்மில் ஒரு பொருள் தெளிவாகத் தெரிவதும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். 80-ல் போனால் இதே கணக்கில் நிற்க ஏறத்தாழ 78 மீட்டர் வேண்டும். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாற்றியும் சரியாகத் தெரியவில்லையே?

ஹெல்மெட் வைசரைக் கழற்றி ட்யூப்லைட் முன்னால் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கீறல் இருந்தால் எதிர்வெளிச்சம் ஒவ்வொன்றும் நட்சத்திரமாக வெடிக்கும். கறுப்பு வைசர் ராத்திரிக்கு ஆகவே ஆகாது. லைட்டை மாற்றுமுன் வைசரை மாற்றுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் கண்ணைக் காட்டுங்கள். நாற்பது தாண்டியவர்கள் தள்ளிப்போடாதீர்கள். கண்புரை தொடங்கும்போது பலருக்கும் முதலில் தெரிவது இந்த ராத்திரிக் கூச்சம்தான். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. என்னிடம் லைட் மாற்ற வந்த ஒரு பால்காரப் பெரியவரை, பல்பை மாற்றாமல் கண்ணைக் காட்டச் சொல்லி அனுப்பினேன். ஆபரேஷன் முடிந்து வந்து, பழைய பல்பே போதும் என்றார்.

பகலில் ஏன் லைட் அணைய மாட்டேன் என்கிறது? சுவிட்சே இல்லையே?

2017 ஏப்ரல் 1 முதல் விற்கிற எல்லா இருசக்கர வாகனத்துக்கும் அப்படித்தான். நீங்கள் எதிரே வருவது மற்றவர்களுக்குத் தெரிவதற்காக. "லைட் எரியுது" என்று கையைக் காட்டினால் ஒரு தலையாட்டல் போதும்.

முன்னால் போகிற டிராக்டருக்குப் பின்லைட்டே இல்லை. என் லைட் என்ன செய்யும்?

கரும்பு டிராக்டர், வைக்கோல் வண்டி, தைப்பூசத்துக்குப் பழனிக்கு ஓரமாக நடந்து போகிறவர்கள், இவர்கள் எல்லாம் முதுகைக் காட்டித்தான் போகிறார்கள். கறுத்த துணியும் மண் பூசிய தகடும் நம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதே இல்லை. ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒரு சாண் இருந்தால் டிம்மிலேயே நூறு மீட்டருக்கு முன்னால் மின்னும். வீட்டில் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பின்பலகையின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு ஒட்டுங்கள். பால் கேனிலும் பூ மூட்டையின் கயிற்றிலும்கூட ஒட்டலாம். கடையில் ஒரு சுருள் எப்போதும் வைத்திருக்கிறேன். லைட் வேலைக்கு வருகிற வண்டிகளின் பின்மட்கார்டில் நானே ஒட்டிக் கொடுக்கிறேன். நீங்களாக ஒட்டினால் எண்ணெயும் தூசியும் போகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டியது முதல் மழையிலேயே உரிந்துவிடும்.